மூன்று சேவல், அடை தெளியாத கருப்பி

பிப்ரவரி 11, 2024: கேள்வி

வேலந்தாவளம் தாண்டி, கேரளத்துப் பக்கம் வாடகை வீடு. சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையில் 5 பெட்டை, 3 சேவல். கருப்புப் பெட்டை ஒன்று தீபாவளிக்குப் பிறகு மூன்றாவது தடவையாக அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் சாக்கின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. கை நீட்டினால் கொத்துகிறது. தெளிய வைப்பது எப்படி? இன்னொன்று, சேவல் மூன்றும் விடியாத நேரத்திலிருந்து கூவி, விடிந்தபின் அடித்துக்கொள்கின்றன. வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். மூன்றையும் கொடுத்துவிட்டால் பெட்டைகள் முட்டை இடுமா?

பிப்ரவரி 11, இரவு: என் பதில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இடும். முட்டைக்கும் சேவலுக்கும் சம்பந்தமில்லை, குஞ்சுக்குத்தான் சம்பந்தம். இதை நம்பாதவர்கள் பிராய்லர் கடையில் அட்டை அட்டையாக வரும் முட்டையை எந்தச் சேவல் பார்த்தது என்று யோசிக்கவும்.

அடை விஷயம். பெட்டையின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறிவிட்டது. அது ஏறினால் முட்டை நிற்கும், தீனி குறையும், வயிறு சுடும், உட்காரத் தோன்றும். உட்கார்ந்து வயிற்றுக்கு அடியில் சூடு தங்கத் தங்க அது இறங்காது. ஆகவே சூட்டைத் தங்க விடக்கூடாது. அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டு ஒன்றில் விட்டு, கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீழே காற்றுப் போக வேண்டும். வைக்கோல், சாக்கு, துணி எதுவும் உள்ளே கூடாது. தண்ணீரும் தீனியும் தாராளமாக. நிழலில் மூன்று பகல், மூன்று இரவு. திறந்துவிட்டதும் நேராகப் பழைய இடத்துக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள்.

சேவலில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் தள்ளிவிடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 12

ஒன்று விட்டுப்போனது. கூண்டில் போடும் முன் அது அடைதானா என்று பாருங்கள். பகலில் உட்கார்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பின் போய்ப் பார்க்க வேண்டும். மற்றவை மரத்திலோ கட்டையிலோ ஏறிய பிறகும் இது மட்டும் முட்டையிட்ட இடத்திலேயே இருந்தால் அடை. சிலுப்பிக்கொள்ளும், குரல் மாறிக் க்ளக் க்ளக் என்னும், நெஞ்சு முடியைப் பிய்த்து வைத்திருக்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்து ஒரே எச்சமாகப் போடும். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் அப்புறம் சந்தேகமே வராது.

இதை எழுதக் காரணம் உண்டு. போன வருடம் என் வெடைக்கோழி (இளம் பெட்டை) ஒன்று மூலையில் உட்கார்ந்தே கிடந்தது. அடை என்று நினைத்துக் கம்பிக்கூண்டில் போட்டேன். அது அடை இல்லை, முட்டை உள்ளே சிக்கியிருந்தது. இரண்டாம் நாள் செத்துப்போனது. தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 14

தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

என் அமுச்சி, அம்மாவின் அம்மா, இரண்டையும் செய்தவள். அடைக்கோழியின் இறகையே ஒன்று பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே விட்டுவிடுவாள். கோழி அதை எடுக்கக் காலால் பிறாண்டிக்கொண்டே நாள் முழுக்க நடக்கும். உட்கார நேரம் இருக்காது, அடை தெளிந்துவிடும். வேலை செய்ததா என்றால் செய்தது. புண்ணாகிச் சீழ் வைத்த கோழியும் உண்டு. நான் செய்வதில்லை. கம்பிக்கூண்டு இருக்கும்போது அது எதற்கு?

தண்ணீர் வேறு விஷயம். வயிறு மட்டும் நனையும்படி வாளியில் ஒரு நிமிடம் நிறுத்தலாம். வெயில் காலத்தில் கோழிக்கே அது பிடித்தாலும் பிடிக்கும். மார்கழியில் செய்தால் சளி பிடிக்கும். தலையைச் சேர்த்து முக்குகிறவர்களைத்தான் முக்க வேண்டும்.

அடை வைக்கும்போது கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது இடிக்காக என்பாள் அமுச்சி. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். இரும்பு இல்லாமலும் வைத்திருக்கிறேன், இடியும் இடித்திருக்கிறது, குஞ்சும் வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு ஆணி போட்டுவிடுகிறேன். ஆணிக்கு என்ன செலவு?

இங்கே பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளுக்குப் பேர்போன ஊர். அடை ‘தெளிய’ எத்தனை நாளாகும் என்று நான் போனில் பேசுவதைக் கேட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர் வேறு ஏதோ நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான்காம் நாள் திறந்துவிட்டாராம். கருப்பி மண் குளித்துவிட்டு மற்றவற்றோடு மேயப் போய்விட்டதாம். மறுபடி முட்டை வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் ‘முட்டை நின்றுவிட்டதே’ என்று எழுதாதீர்கள்.

சேவலுக்கு வருகிறேன். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். 5 பெட்டைக்கு 3 சேவல் என்றால் பெட்டைகளின் முதுகைப் பாருங்கள், முடி போய்த் தோல் தெரியும். சேவல் அதிகம் இருந்தால் கூமுட்டை குறையும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. ஒன்று ஏறும்போது மற்றது வந்து தள்ளிவிடும். யாருடைய வேலையும் முடியாது.

சேவலைக் கொடுத்த மறுநாளே முட்டை ‘சுத்த’ முட்டையாகிவிடாது. சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் பத்துப் பதினைந்து நாள் உயிரோடு இருக்கும்.

பிப்ரவரி 20, பிற்பாடு

மேலே பத்துப் பதினைந்து நாள் என்றது பொதுவாக. சில பெட்டைகளில் மூன்று வாரம்வரை போகும். சாதி மாற்ற வேறு சேவல் விடுகிறவர்கள் மூன்று வாரம் கழித்து இடும் முட்டையிலிருந்து கணக்கு வையுங்கள். இல்லாவிட்டால் புதுச் சேவலின் பெயரில் பழையதின் குஞ்சு பொரியும்.

மார்ச் 9

நேற்று ராத்திரி ஒன்று யோசித்தேன். கேள்வி கேட்டவர் இரண்டு பிரச்சினை என்று எழுதினார். நானும் இரண்டாகப் பிரித்துப் பதில் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

என் வீட்டுக் கணக்கு: 2021 இல் ஒரு செவலைப் பெட்டை வாங்கினேன். 13 முட்டை இட்டது, அடைக்கு உட்கார்ந்தது, பாவம் என்று விட்டேன். 10 குஞ்சு. அதில் 6 சேவல். மறுபடி அடை, மறுபடி 9, அதில் 4 சேவல். கீரியும் பருந்தும் தங்கள் பங்கை எடுத்த பிறகு 7 சேவல் நின்றன. பெட்டைகள் 5. கேட்டவர் வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும். மூன்று சேவலும் விலைக்கு வந்தவையா, அடையில் வந்தவையா?

அடையைத் தெளிய வைத்தால் முட்டை கிடைக்கும். தெளிய வைக்காமல் விட்டால் குஞ்சில் பாதி சேவலாக வரும். நாம் ‘பாவம், உட்காரட்டும்’ என்று சொல்லும் அந்த நிமிடத்திலேயே ஆறு மாதம் கழித்து வரும் சேவல் தகராறுக்கும் சரி சொல்லிவிடுகிறோம்.

கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். பென்சிலில் குறி போட்டு இரண்டு தடவை பார்த்தேன். கூரிலிருந்தும் பெட்டை வந்தது, உருண்டையிலிருந்தும் சேவல் வந்தது. ‘இந்தச் சேவலுக்கு ஆண் குஞ்சாகவே பிறக்கிறது’ என்று சேவலைத் திட்டுவதும் தப்பு. மனிதருக்கு நேர்மாறாகக் கோழியில் ஆணா பெண்ணா என்பது பெட்டையிடமிருந்து வருகிறது. சேவலிடம் இருப்பது ஒரே வகை.

மார்ச் 10

கேட்டவரின் பதில்: மூன்றுமே அடையில் வந்தவை. கருப்பியின் பிள்ளைகள். அம்மாவைக் கூண்டில் போட்டு, பிள்ளைகளை விற்கச் சொன்ன ஆள் நான்.

மார்ச் 24

அடையே வேண்டாம் என்றால் சாதியை மாற்றலாம். வெள்ளை லெகார்ன் மாதிரி முட்டைக்கோழிகளில் அடைக்குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தே விட்டார்கள், அவை வருடம் 280, 300 இடும். திருச்சூர் மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீயைப் பக்கத்து வீட்டுச் சேச்சி வளர்க்கிறார். மூன்று வருடத்தில் ஒன்றுகூட அடைக்கு உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சிறுவிடை வளர்க்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அது உட்காரத்தான் செய்யும்.

சேச்சிக்குச் சேவல் ‘பூவன்’, அடைக்கோழி ‘பொருந்தக்கோழி’ என்று என் காதில் விழும். பூவன் பழம் வாங்கி வரச் சொன்னால் எந்தப் பூவன் என்று எங்கள் வீட்டில் கேட்டுக்கொள்வது வழக்கம்.

சரி, என் செவலை நேற்று முதல் அடை. மார்ச் 9 இல் அத்தனை ஞானம் பேசிவிட்டு, வைக்கத்தான் போகிறேன். ஏப்ரல் 5 ஆம் தேதி வைத்தால் 21 நாள், 26 ஆம் தேதி பொரிக்கும். அன்றைக்குத்தான் இங்கே ஓட்டு. அதுவரை செவலை வெறும் பிளாஸ்டிக் முட்டை மேல் இருக்கட்டும், மற்ற பெட்டைகளின் முட்டையைச் சேர்த்து வைக்கிறேன்.

ஏப்ரல் 12

ஏழாம் நாள். இருட்டில் போன் டார்ச் மேல் முட்டையை வைத்துப் பார்த்தேன். 11 இல் 9 இல் சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி ஓடுகிறது. இரண்டு தெளிந்த மஞ்சள், கூமுட்டை, எடுத்துவிட்டேன். வெடிக்கும்வரை உள்ளே வைத்திருந்தால் மற்ற ஒன்பதும் கெடும்.

ஏப்ரல் 21

சேவலை விற்கக் கிளம்பியவர்கள் கவனிக்கவும். ஆலப்புழையில் எடத்துவாவிலும் செருதனையிலும் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல். தமிழ்நாட்டு எல்லைச் சாவடிகளில் கேரளத்துக் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் திருப்புகிறார்கள், மற்ற வண்டிகளின் டயருக்கு மருந்து அடிக்கிறார்கள். ஒரு சேவலைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோனால் யாருக்குத் தெரியும் என்று கேட்டவருக்கு: சேவல் கூவினால் தெரியும்.

விளையாட்டில்லை, கொண்டுபோகாதீர்கள். நோய் ஸ்கூட்டரிலும் போகும். உங்கள் கோழி செத்தால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏப்ரல் 29

ஒன்பதில் மூன்றுதான் பொரிந்தது.

பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டிவிட்டது. அடை வைத்தது தகரக் கொட்டாயில். மத்தியானம் செவலை வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் ‘தாங்கிக்கொள்ளும்’ என்று நினைத்தேன். முட்டைக்கு வேண்டிய சூடு முப்பத்தேழரை, முப்பத்தெட்டு. கொட்டாய்க்குள் அதைவிடச் சூடு. 26 ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது மூன்று குஞ்சு. மீதி ஆறை இரண்டு நாள் கழித்து உடைத்துப் பார்த்தேன். எல்லாம் முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன.

தப்பு அங்கே மட்டுமில்லை. மார்ச் 24 இலிருந்து முட்டையைச் சேர்த்து வைத்தேன் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். 12 நாள், சமையலறை ஜன்னல் ஓரம். முப்பது டிகிரிக்கு மேல் கிடக்கும் முட்டையில் அடைக்கு முன்னாலேயே கரு அரைகுறையாக நகரத் தொடங்கிவிடும். அப்படித் தொடங்கிய கரு வலுவில்லாமல் போகும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மண்பானை மாதிரிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், சித்திரையில் அடை வைக்கவே வைக்காதீர்கள். அமுச்சி இருந்திருந்தால் ‘வெயில்ல எவனாவது அடை வெப்பானா சாமி’ என்று ஒரு வரியில் முடித்திருப்பாள்.

மே 2

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்பார்கள். செத்தது. மூன்றில் ஒன்று. செவலை கீரியைப் பார்த்துத் துள்ளியதில் காலடியில் மாட்டியது. பழமொழி சொன்னவர் என் செவலையைப் பார்த்ததில்லை.

மே 15

சேவலை விற்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று பலர். பிப்ரவரியில் ‘யோசிக்க என்ன இருக்கிறது’ என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். யோசிக்க நிறைய இருக்கிறது.

ஒன்றாகவே பொரித்து ஒன்றாகவே வளர்ந்த சேவல்கள், பெட்டை கண்ணில் படாத இடத்தில் இருந்தால் பெரும்பாலும் அடித்துக்கொள்வதில்லை. தோப்பின் மேற்கு மூலையில் பழைய தேங்காய்க் கொட்டாயை அடைத்து ஐந்து சேவலை விட்டேன். நடுவில் ஓலைத் தட்டி நிற்கிறது, பெட்டைகள் தெரியாது. முதல் வாரம் இரண்டு கொண்டையில் ரத்தம். பிறகு யார் பெரியவர் என்று முடிவாகிவிட்டது. பெரியவருக்கு வீட்டில் ‘மணியகாரர்’ என்று பெயர். தீனித் தட்டு மட்டும் இரண்டு, மூன்று வைக்க வேண்டும். ஒரே தட்டு என்றால் மணியகாரர் சாப்பிட்டு எழும்வரை மற்றவர்கள் பட்டினி. வெளியே எடுத்த சேவலை ஒரு வாரம் கழித்துத் திரும்ப விட்டால் சண்டை முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதை ஒரு தடவை செய்து ஒரு சேவலின் கண் போனது.

கூவலுக்கு இது மருந்தல்ல. ஐந்தும் கூவும். மணியகாரர் முதலில், அப்புறம் வரிசையாக மற்றவர்கள். இது என் கற்பனை என்று நினைத்திருந்தேன். 2015 இல் ஜப்பானில் ஆய்வு செய்தவர்கள் இதையே கண்டிருக்கிறார்கள், முதலில் கூவும் உரிமை பெரிய சேவலுக்கு, மற்றவை அது கூவும்வரை காத்திருக்குமாம். அப்படியானால் மணியகாரரை இருட்டில் அடைத்துவைத்தால் எல்லாரும் தூங்குவார்கள் என்று கணக்குப் போட்டு அவரை மட்டும் இரண்டு நாள் சாமான் அறையில் வைத்தேன். இரண்டாம் இடத்தில் இருந்தவர் பதவி ஏற்று இன்னும் உரக்கக் கூவினார்.

கழுத்தில் பட்டை கட்டுகிறார்களாமே என்று ஒருவர். கட்டாதீர்கள். இறுகினால் மூச்சு போகும்.

மே 16

விற்பதிலும் ஒரு எச்சரிக்கை. போன வருடம் ஒருவர் வந்து வளர்க்க வேண்டும் என்று ஒரு செங்காகச் சேவலை நான் கேட்ட விலைக்குப் பேரம் இல்லாமல் வாங்கினார். பேரம் இல்லாதபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால் நீளத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து அது சேவல் சண்டையில், காலில் கத்தி கட்டிச் செத்தது என்று தெரிந்தது. 1960 ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது, 2014 இல் உச்ச நீதிமன்றமும் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பொங்கல் நெருங்கினால் காலைத் தடவிப் பார்க்கிறவர்கள் வருகிறார்கள். கொண்டையை, எடையைப் பார்க்கிறவர் குழம்புக்கு வாங்குகிறார், அவரிடம் கொடுங்கள். குழம்பாவது ஒரு நிமிட வேலை.

ஜூன் 23

மே 30 க்கே பருவமழை தொடங்கியது என்று அறிவித்தார்கள். எங்கள் கிழக்கு மூலைக்கு அது எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம், ஆனால் காற்று குளிர்ந்துவிட்டது.

கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி. கருப்பியை மூன்று வாரமாகக் காணோம், வெருகு (காட்டுப்பூனை) தூக்கிவிட்டது என்று நினைத்து அழுதே விட்டார்களாம் வீட்டில். இன்று காலை தென்னை மட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து 11 குஞ்சோடு வந்து நிற்கிறதாம். கம்பிக்கூண்டு, செங்கல், மூன்று பகல் மூன்று இரவு என்று நான் எழுதியதையெல்லாம் அது எங்கோ படித்திருக்கிறது.

அவர் கேட்டது: கடைசிக் குஞ்சு பொரியும்வரை முதல் குஞ்சு எப்படிப் பட்டினி கிடந்தது? கிடக்கவில்லை. பொரிவதற்கு முன் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். அதை வைத்து இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதனால்தான் தாய் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் ஒரு நாள் குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டுப் பஸ்ஸில் அனுப்ப முடிகிறது.

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு மறக்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் 11 உம் ஒரே வாரத்தில் போகும்.

ஆகஸ்ட் 4

ஆறு வாரம். கருப்பியின் குஞ்சுகளில் மிஞ்சியவை 8. போட்டோ அனுப்பியிருந்தார். கொண்டை இளஞ்சிவப்பாகத் தெரிவதையெல்லாம் சேவல் என்று எண்ணினேன். ஐந்து. இன்னொன்று சந்தேகம்.

ஆடி மாதம், சேவலுக்கு விலை உண்டு, ஆனால் கிழக்கே, தமிழ்நாட்டில். கேரளத்தில் கோயில் பலியை 1968 இலேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1950 சட்டத்தை 2003 இல் திடீரென்று தூசி தட்டி எடுத்தார்கள், அடுத்த வருடமே அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே எங்கள் எல்லைக் கிராமத்து நேர்த்திக்கடன் சேவல்கள் பொழுது விடியும் முன் எல்லை தாண்டிக் கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் போகின்றன. மணியகாரருக்கு 900 ரூபாய்வரை கேட்டார்கள். வீட்டம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், வந்தவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5

‘இரண்டைத் தள்ளிவிடுங்கள், யோசிக்க என்ன இருக்கிறது’ என்ற வரியை எடுத்துக்காட்டி, என் கொட்டாயில் இப்போது எத்தனை சேவல் என்று ஒருவர் கேட்கிறார். ஐந்து. செவலையின் ஏப்ரல் குஞ்சு இரண்டில் ஒன்று நேற்றுக் கூவப் பார்த்தது, கதவு கீச்சிடுவது மாதிரி. ஆறு.

செப்டம்பர் 1

செவலை மறுபடி அடை. முட்டையை எடுத்துவிட்டேன், மாவடியில் ஒரு கொட்டாங்குச்சியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பிக்கூண்டைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். சேச்சி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, தன் கிராமஸ்ரீ முட்டை பத்துத் தந்தால் இது அடைகாக்குமா என்று கேட்கிறார். முட்டை எத்தனை நாள் பழையது என்று மட்டும் கேட்டேன். இன்றைக்கு இட்டதும் நேற்று இட்டதுமாம்.